ஏழாவது ஆணியில் ஒரு சட்டை

கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவள் நான் என்று சொன்னால் இங்கே எல்லாரும் உடனே நெய்வேலியா என்று கேட்கிறார்கள். இல்லை, மாத்தளை என்பேன். அது எங்கே இருக்கிறது என்று அடுத்த கேள்வி வரும். இரண்டு நாட்டு அரசுகளும் போட்ட ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்கள் என்றதும் முகத்தில் ஓர் இரக்கம் வரும். அந்த இரக்கம் எனக்குப் பிடிக்காது. அதனால் இப்போதெல்லாம் நெய்வேலிதான் என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கிறேன்.

எங்கள் கரி அடுப்பெரிக்கிற கரி இல்லை. பென்சிலுக்குள் இருக்கிற கரி. சிங்களத்தில் மினிரன் என்பார்கள். மாத்தளைக்கு மேற்கே, குருநாகல் எல்லையைப் பார்த்துப் போகும் பாதையில், ரப்பரும் கொக்கோவும் கலந்து நின்ற ஒரு குன்றின் நடுவில் அந்தக் குழி இருந்தது. குழியைச் சிங்களத்தில் பத்தல என்பதால் நாங்களும் பத்தல என்றே சொன்னோம். கீழே இறங்குகிறவர்கள் இருபது பேர். பெரும்பாலும் அந்தக் கிராமத்துச் சிங்கள ஆட்கள். நாலைந்து பேர் மட்டும் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்த நம் ஆட்கள். என் புருஷன் அவர்களில் ஒருவர். நான் எல்கடுவத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அவரைக் கட்டிக்கொண்ட மறுமாதமே கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கரிச் சல்லடையைத் தூக்கினேன். சுதந்திரம் கிடைத்து ஆறேழு வருஷம் ஆகியிருக்கும்.

பெண்களுக்குக் குழிக்குள் வேலை இல்லை. குழிவாயிலிருந்து நூறடி தள்ளி ஒரு தகரக் கொட்டகை. மேலே வரும் கரியைத் தண்ணீரில் நனைத்து, சாக்குத் துணியால் தேய்த்து, கல்லைத் தட்டி எடுத்து, கட்டி வேறு, சில்லு வேறு, தூள் வேறாகப் பிரிப்பது எங்கள் வேலை. நன்றாகத் தேய்த்த கட்டியில் முகம் பார்க்கலாம். பார்த்துப் பொட்டும் சரிசெய்துகொள்வோம். ஆனால் கை போய்விடும். எத்தனை சவுக்காரம் போட்டாலும் ரேகைக்குள் ஏறிய மினுக்கம் இறங்காது. கோயிலில் விபூதி எடுத்தால் நெற்றியில் சாம்பல் நிறத்தில் வரும். பிள்ளைக்குச் சோறு பிசைந்து ஊட்டினால் உருண்டை பளபளக்கும். "ஒங்கம்மா வெள்ளிச் சோறு ஊட்டுறாடி, சாப்புடு" என்று என் புருஷன் மகளிடம் கேலி செய்வார்.

அவருக்கு அப்போது கேலியும் பாட்டும் நிறைய. குழிக்குள் இறங்கும் ஆட்கள் ஏணியில் கால் வைத்ததிலிருந்து கவி படிப்பார்கள். ஒருவன் ஓர் அடி சொல்ல, அவனுக்குக் கீழே இறங்குகிறவன் அடுத்த அடி சொல்லுவான். இருட்டில் மேலே இருப்பவனும் கீழே இருப்பவனும் எங்கே இருக்கிறார்கள் என்று ஒருவருக்கொருவர் தெரிவதற்கு அது ஒரு வழி. பயத்துக்கும் அதுதான் மருந்து. எல்லாம் சிங்களக் கவி. என் புருஷன் அதைப் படித்து வைத்துக்கொண்டு, நடுநடுவே நம் ஊர்த் தாலாட்டில் ஓர் அடியைச் செருகிவிடுவார். கீழிருந்து சிரிப்பு எழும்பிக் கொட்டகை வரைக்கும் கேட்கும்.

அந்த இடத்துக்கென்று சில பழக்கங்கள் இருந்தன. போகிற ஆளைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. எத்தனை மணிக்கு வருவீங்க என்று பெண்சாதி கேட்கக் கூடாது. குழிக்குள் சீட்டியடிக்கக் கூடாது. கீழே கடிகாரம் யாரிடமும் இல்லை. ஆளுக்கு இரண்டு மெழுகுதிரி கொடுப்பார்கள், இரண்டாவது திரி விரல் கணுவளவு ஆகும்போது ஏறி வரவேண்டும். குழிவாயில் ஒரு பலகைமேல் சிங்கள ஆட்கள் தேங்காய் எண்ணெய் விளக்கு வைப்பார்கள். அதே பலகையின் ஓரத்தில் நம் ஆட்கள் சூடம் கொளுத்துவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, பெண்கள் யாரும் குழிவாய்ப் பக்கம் போகக் கூடாது. போனால் கரி ஓடிப்போகும், கல் இறங்கும் என்பார்கள். முதல் நாளே எங்கள் கொட்டகையின் தலைமைக்காரி என்னைக் கூட்டிப்போய் ஒரு பலாமரத்தைக் காட்டி, "இதுக்கு அந்தப் பக்கம் ஒங் காலு போவக் கூடாது" என்றாள். கரி எங்கே ஓடும், அதற்குக் கால் இருக்கிறதா என்று நான் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

குழிவாயைக் காத்தவர் ஒரு நானா. முஸ்லிம் ஆண்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அண்ணன் என்று அர்த்தம். மாத்தளை டவுனிலிருந்து வந்தவர், நாற்பது வயது இருக்கும், ஒல்லி, எப்போதும் வெள்ளைத் தொப்பி. மெழுகுதிரி கொடுப்பது, மணிக் கயிற்றைப் பார்த்துக்கொள்வது, ஆட்களை எண்ணுவது எல்லாம் அவர் பொறுப்பு.

எண்ணுவதற்கு அவரிடம் புத்தகம் கிடையாது. குழிவாய்க் கூரையின் கீழே ஒரு நீண்ட பலகை, அதில் இருபது ஆணி. கீழே வெக்கை என்பதால் ஆட்கள் சட்டையைக் கழற்றி அவரவர் ஆணியில் மாட்டிவிட்டுக் கோவணத்தோடு இறங்குவார்கள். ஏறி வந்ததும் முதல் காரியம் சட்டையை எடுப்பது. ஆணியில் சட்டை தொங்கினால் ஆள் கீழே. ஆணி வெறுமையாக இருந்தால் ஆள் மேலே. ஒருவர் சட்டையை இன்னொருவர் எடுத்துக் கொடுக்கவும் மாட்டார்கள். அண்ணன் தம்பியாக இருந்தாலும் அவனவன் சட்டையை அவனவன் கைதான் எடுக்கும். என் புருஷனுடையது ஏழாவது ஆணி.

கீழே வெடி வைக்கும்போதுதான் இந்த ஆணிகளுக்கு முழு வேலை. வெடிக்காரர் குழியின் அடியில் மருந்தை அடைத்துத் திரியோடு காத்திருப்பார். மற்றவர்கள் எல்லாரும் ஏறியதும் நானா பலகையைப் பார்ப்பார். வெடிக்காரருடைய சட்டை ஒன்று மட்டும் தொங்க வேண்டும். தொங்கினால் கயிற்றை மூன்று தரம் இழுப்பார். கீழே மணி மூன்று தரம் அடிக்கும். வெடிக்காரர் திரியைப் பற்றவைத்துவிட்டு ஏணியைப் பிடித்து ஓடி வருவார். எத்தனையோ வருஷமாக அப்படித்தான் நடந்தது, ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. நானாவுக்கு இருபது சட்டையும் இருபது முகம் மாதிரி. யாருடைய சட்டையில் எங்கே ஒட்டு, எதில் எத்தனை பொத்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார்.

நான் சொல்ல வந்த அந்த நாள், என் தம்பியின் பரிசத்துக்கு முந்தின நாள். பரிசம் எல்கடுவத் தோட்டத்தில், மறுநாள் காலையில். மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை, குழியில் வேலை இல்லை. சாயங்காலம் வேலை விட்டதும் நேரே பஸ் ஏறிவிடலாம் என்று என் புருஷன் தன் ஒரே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்திருந்தார். ஊருக்குப் போகிறேன் ஊருக்குப் போகிறேன் என்று வழியில் பார்த்த எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே வந்தார்.

அந்தச் சட்டையில் வயிற்றுக்கு நேரே ஒரு பொத்தான் இல்லை. அதற்கு முந்தின தீபாவளிக்குப் போனபோது அவர் அங்கே ஊக்கு குத்திக்கொண்டு வந்திருந்தார். என் அண்ணி அதைப் பார்த்துவிட்டு, "கரிக்குழி மாப்பிளைக்கு ஊக்குதான் பொத்தானு போல" என்று நாலு பேருக்கு முன்னால் சொன்னாள். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். என்னால் மட்டும் அதை விட முடியவில்லை. எனக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம். இப்போதும் அப்படித்தான், மருமகள் சொல்லுவாள்.

காலையில் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விடும் அவசரத்தில் பொத்தான் தைக்க முடியவில்லை. மகளுடைய பழைய கவுனிலிருந்து ஒரு பொத்தானைப் பிய்த்து, நூல் கோத்த ஊசியோடு இடுப்பில் சொருகிக்கொண்டு வந்தேன். வெள்ளைச் சட்டைக்கு நீலப் பொத்தான். இருந்தால் போதும், தூரத்துக்குத் தெரியாது என்று நினைத்தேன்.

மத்தியானம் சாப்பாட்டு நேரம். மழை தூறிக்கொண்டிருந்தது. நானா லுஹர் தொழுகைக்காகக் குழிவாய்க்குப் பின்னால் இருக்கும் சாய்ப்புக்குப் போனதைக் கொட்டகையிலிருந்து பார்த்தேன். தினமும் போவார், கால் மணிநேரத்தில் திரும்பி வருவார். அந்த நேரத்தில் கீழே ஆட்கள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், மணிக்கு வேலை இல்லை. முதலாளிக்கும் அது தெரிந்த விஷயம்தான். நான் எழுந்தேன். பலாமரத்தைத் தாண்டினேன். ஒரு நிமிஷ வேலை என்று நினைத்தேன். ஏழாவது ஆணியிலிருந்து சட்டையை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு திரும்பி ஓடி வந்தேன்.

பொத்தானைத் தைத்தேன். நூலைப் பல்லால் கடிக்கும்போது தலைமைக்காரி கூப்பிட்டுவிட்டாள். போயா நாளுக்கு முந்தின நாள் என்பதால் ஆட்களை நேரத்தோடு ஏற்றிவிட்டு இரண்டரைக்கே வெடி வைக்கப் போகிறார்களாம், அதற்குள் குவியலை முடிக்க வேண்டுமாம். நான் சட்டையை என் சாப்பாட்டுக் கூடையில் மடித்து வைத்தேன். அதற்குள் நானா திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். அவர் கண்முன்னால் பலாமரத்தைத் தாண்டி எப்படிப் போவது? கத்துவார், எல்லாருக்கும் தெரியும், பொம்பளை குழிவாய்க்குப் போனாள் என்று ஊரே பேசும். பரவாயில்லை, என் புருஷன் ஏறி வந்தால் தேடிக்கொண்டு என்னிடம்தான் வருவார், கையில் கொடுத்துவிடலாம் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

இரண்டரைக்கு வெடி என்று என் காதிலும் விழுந்தது. ஆணியைப் பார்த்துத்தான் மணி அடிப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்க என் மண்டைக்குத் தோன்றவில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை அந்த ஒரு மணிநேரத்துக்குள் திரும்பிப் போய் யோசித்துப் பார்த்திருக்கிறேன். அப்போது என் தலைக்குள் இருந்தது அண்ணியின் முகம் மட்டும்தான். பொத்தானைப் பார்த்து அவள் என்ன சொல்லப்போகிறாள் என்பதுதான்.

ஆட்கள் ஏறி வந்தார்கள். அவசரம், கூச்சல், சிரிப்பு. ஆளாளுக்குச் சட்டையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். என் புருஷன் குழியின் அடியிலிருந்து பிரியும் பக்கவாட்டுச் சுரங்கத்தின் கோடியில் கடைசிச் சாக்கை நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறார். கூப்பிட்டது கேட்கவில்லை. நானா பலகையைப் பார்த்தார். ஒரு சட்டை தொங்கியது, வெடிக்காரருடையது. ஏழாவது ஆணி வெறுமை. ஊருக்குப் போகிற ஆள், முதல் ஆளாக ஓடியிருப்பான் என்று நினைத்தாராம். கயிற்றை மூன்று தரம் இழுத்தார்.

வெடி எனக்குக் காலுக்கடியில் தெரிந்தது. எப்போதும் தெரிவதுதான். சல்லடையில் தூள் ஒரு தரம் குதித்து அடங்கும். அன்றைக்கும் அப்படியே குதித்து அடங்கியது. அதற்குப் பிறகு மணி அடித்தது. கீழே யாரும் இல்லாத குழியிலிருந்து கயிற்றை யாரோ இழுக்கிறார்கள். கீழே இருப்பவர்கள் மேலே கூப்பிடுவதற்காகக் குழிவாயில் கட்டியிருந்த சின்ன மணி நிற்காமல் அடித்தது. கொட்டகையில் அத்தனை பெண்களும் கையில் கரியோடு அசையாமல் நின்றோம். அப்போதுதான் என் கூடையைப் பார்த்தேன்.

எல்லாரும் ஓடினார்கள். பலாமரத்தை ஒருவரும் பார்க்கவில்லை. நானும் ஓடினேன், கூடையிலிருந்த சட்டையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு. குழிவாயில் எல்லாரும் குனிந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேருடைய முதுகுக்குப் பின்னால் நின்று, என் புருஷன் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத அந்த நேரத்தில், நான் செய்த முதல் காரியம் சட்டையை ஏழாவது ஆணியில் திரும்ப மாட்டியது. எட்டிப் பார்க்கவில்லை, அலறவில்லை. மாட்டினேன். அதற்குப் பிறகுதான் அழுதேன். இதை எழுதவே கை கூசுகிறது. ஆனால் நடந்தது அதுதான்.

கரி ஏற்றும் பீப்பாயில் உட்காரவைத்து அவரை மேலே இழுத்தார்கள். தோள் எலும்பு உடைந்திருந்தது. இரண்டு காதிலிருந்தும் ரத்தம் வழிந்து கழுத்தில் கரியோடு கலந்திருந்தது. நான் அவர் பெயரைச் சொல்லக் கூடாது என்பதையும் மறந்து பெயர் சொல்லிக் கத்தினேன். அவர் என் வாயைப் பார்த்தார். புரியாமல் பார்த்தார்.

வெடிக்காரர்தான் முதலில் நானாவின் சட்டையைப் பிடித்தார். "ஆளு கீழ இருக்கும்போது எப்பிடி மணி அடிச்ச?" என்று கத்தினார். அவர் சிங்களவர், தமிழும் நன்றாகப் பேசுவார்.

"ஆணி வெறுமயா ஈந்திச்சி. நான் கண்ணால பாத்த. அல்லாஹ் மேல ஆண, ஏழாவது ஆணி வெறுமயா ஈந்திச்சி."

"இந்தா, இது என்ன?"

எல்லாரும் திரும்பினார்கள். ஏழாவது ஆணியில் சட்டை தொங்கியது.

நானா அதைப் பார்த்தபடி நின்றார். பிறகு மெதுவாகப் போய்ச் சட்டையின் கீழ்ப்பகுதியைக் கையில் எடுத்தார். நீலப் பொத்தானை ஒரு விரலால் தொட்டார். திரும்பி எங்கள் பெண்கள் நின்ற பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் குனிந்து என் புருஷனின் கழுத்தைத் துடைத்தேன்.

அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தொழப் போன ஆள் கவனத்தை அங்கேயே விட்டுட்டு வந்துட்டான் என்று யாரோ சொன்னார்கள். ஆமாம் ஆமாம் என்று பத்து குரல் சேர்ந்தது. சாயங்காலம் முதலாளி வந்து அவரைப் போகச் சொல்லிவிட்டார். அவர் பேசாமல் இருந்ததை எல்லாரும் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே எடுத்துக்கொள்ளப் பார்த்தேன். ஒருவேளை அவர் எனக்காகப் பேசாமல் இருந்தார், அடிபட்டவன் பெண்சாதியைக் காட்டிக்கொடுக்க மனசில்லை என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு வசதியாக இருந்தது. அவர் பெருந்தன்மையாக நடந்துகொண்டால் நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை அல்லவா?

மாத்தளை ஆஸ்பத்திரியில் என் புருஷன் இருபது நாள் கிடந்தார். நான் தினமும் காலையில் சந்திக்கு நடந்து போய் பஸ் ஏறுவேன். முதல் நாள் சந்தியில், தேத்தண்ணிக் கடை வாசலில் கிடந்த மர வாங்கில், நானா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. ஊருக்குப் புறப்பட்ட கோலம்.

"தங்கச்சி, மாப்புளக்கி எப்பிடி ஈக்கி?" என்று கேட்டார்.

"இருக்காரு நானா" என்றேன். பஸ் வந்தது. ஏறிவிட்டேன். அவரும் அதே பஸ்ஸில்தானே மாத்தளைக்குப் போக வேண்டும், ஏன் ஏறவில்லை என்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்படியே உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் நாளும் அதே வாங்கு, அதே பெட்டி. தூரத்திலேயே கண்டுவிட்டேன். முதலாளி மனம் மாறித் திரும்பக் கூப்பிடுவார் என்று காத்திருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டு, கொக்கோத் தோட்டத்துக்குள் இறங்கி அடுத்த பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தேன். மூன்றாம் நாளும் அப்படியே செய்தேன். சேறு முழங்கால் வரை. நாலாம் நாள் வாங்கு வெறுமையாக இருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

என் புருஷனுக்குத் தோள் கூடியது. காது கூடவில்லை. காது கேட்காதவனைக் குழிக்குள் விடமாட்டார்கள். எங்களோடு கொட்டகையில் உட்கார்ந்து கரி தேய்த்தார், பெண்களுக்கு நடுவில் ஒரே ஆணாக. கவி படிப்பதை விட்டுவிட்டார். தன் குரல் தனக்கே கேட்காததால் பேசுவதெல்லாம் சத்தமாகப் பேசுவார். அந்தச் சத்தத்தில் அவர் அதிகம் சொன்னது ஒன்றுதான்.

"அந்தாளு தொழுகப் போயி என் காத வாங்கிட்டான்."

விருந்தாளி வந்தால் சொல்வார், பஸ்ஸில் சொல்வார், மாத்தளைக் கடைத்தெருவில் நின்று சொல்வார். முஸ்லிம் கடையில் சாமான் வாங்க விடமாட்டார். உப்பு வாங்கக்கூட இரண்டு மைல் கட்டை தள்ளி நடக்க வேண்டும். பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிச் சொல்லியே வளர்த்தார். என் மகன் ஏழு வயதில் தொப்பி போட்ட ஒருவரைப் பார்த்து, இவரா அப்பாட காத எடுத்தது என்று கேட்டான். நான் பக்கத்தில் நின்றேன். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். இல்லடா, உங்கம்மாதான் என்று சொல்லியிருக்கலாம். வாயை மூடு என்று மட்டும் சொன்னேன்.

அக்கம்பக்கத்து வேறு குழிகளில் நானா வேலை கேட்டுப் போனதாகவும், தப்பாக எண்ணின ஆள் என்று யாரும் சேர்க்கவில்லை என்றும் கேள்விப்பட்டேன். ஆள் எண்ணுகிறவனுக்கு அந்தப் பேர் வந்தால் பிறகு என்ன இருக்கிறது?

பதினேழு பதினெட்டு வருஷம் போனது. ஒப்பந்தத்தில் எங்களுக்குப் பாஸ்போர்ட் வந்தது. கப்பலேற இரண்டு வாரம்தான். எல்லாரும் பெட்டி கட்டுவதிலும் பானை சட்டி விற்பதிலும் இருந்தார்கள். எனக்கு வேறு ஒன்றும் ஓடவில்லை. தாலிக்கொடியைச் சரிபார்க்க வேண்டும் என்று பொய் சொல்லிவிட்டு மாத்தளைக்குப் பஸ் ஏறினேன்.

விசாரித்துக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. பள்ளிவாசல் இருந்த சந்துக்குள் ஒரு சின்னக் கடை, கடை என்றால் நாலடி அகலம். குடை திருத்துகிறார் என்றார்கள். தாடி முழுக்க வெள்ளை. மடியில் ஒரு குடைக் கம்பியை வைத்து வளைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு பலகை, பலகை முழுக்க ஆணி, ஆணிக்கு ஒரு குடை. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். கை இன்னும் மினுங்கிக்கொண்டுதான் இருந்தது.

"வாங்க தங்கச்சி. இரிங்க" என்று ஒரு முக்காலியைத் தள்ளினார். "மாப்புளக்கி காது?"

"கேக்கல்ல நானா."

தலையை ஆட்டினார். "அந்தச் சட்டை நாந்தான் எடுத்தேன் நானா" என்றேன். "பொத்தான் தைக்க எடுத்தேன். நாந்தான் திரும்ப மாட்டினேன்."

"தெரியும்" என்றார். கம்பியைக் கீழே வைத்தார். "காலயில அந்தச் சட்டயில நாலு பொத்தான். வெடிக்கிப் பொறகு அஞ்சி ஈந்திச்சி."

"பொறகு ஏன் நானா சொல்லல்ல? எனக்காகவா?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். கோபம் இல்லை. ஆனால் நான் இத்தனை வருஷம் கற்பனை செய்து வைத்திருந்த பெருந்தன்மையும் அங்கே இல்லை.

"ஒங்களுக்காக இல்ல. எனக்கும் புள்ள குட்டி ஈந்திச்சே. நான் சொன்னா யாரு நம்புவாங்க? தொழப் போனவன் பொம்பளப் புள்ள மேல பழிய போடுறான்டுதான் சொல்லுவாங்க. நீங்க சொன்னாத்தான் அது உண்ம. நீங்க சொல்லுவீங்கன்டு அந்தச் சந்தியில மூணு நாள் இருந்த. பஸ் பஸ்ஸா விட்டுட்டு இருந்த. ரெண்டாவது நாள் நீங்க கொக்கோத் தோட்டத்துக்குள்ள எறங்கினதயும் பாத்த. சரி, நாளக்கி வருவாங்கன்டு நெனச்ச."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு, கப்பலேறப் போகும்போது, யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லாத நேரத்தில் வந்து நிற்கிறேன். இந்தச் சொல்லை அவர் வைத்து என்ன செய்வார்? முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"மாப்புளக்கிச் சொன்னீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல."

"புள்ளகளுக்கு?"

"இல்ல நானா."

சந்துக்கு வெளியே பள்ளிவாசலில் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். அதே மத்தியானத் தொழுகை. நானா கம்பியையும் குறட்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தார், தொப்பியைச் சரிசெய்தார். கடையை மூடப்போகிறார், நான் கிளம்ப வேண்டும் என்று எழுந்தேன்.

"நீங்க இரிங்க" என்றார். "நான் தொழுதிட்டு வாரேன். அதுவரைக்கும் கடயப் பாத்துக்கங்க. யாராச்சும் குட கேட்டு வந்தா, நான் வந்துதான் குடுப்பேன்டு சொல்லுங்க."

போய்விட்டார். நான் முக்காலியில் உட்கார்ந்தேன். பலகையில் குடைகள் தொங்கின. ஒன்று சரிவாக மாட்டியிருந்தது, விழுந்துவிடும் போல இருந்தது. கையை மடிக்குள் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பி வரும்வரைக்கும் நான் எதையும் தொடவில்லை.